தைட்டானிய வாள்

ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக் கரையை அடைந்து தெற்கே சென்றால், கொக்கிளாய்க் களப்புக்கு அப்பால் புல்மோட்டை. அங்குள்ள கருமணலில் இல்மனைற்று மிகுதி. இரும்போடு தைட்டானியமும் சேர்ந்த கனிமம் அது. மணல் நம்முடையது, அதை உலோகமாக்குவோர் அயல்நாட்டார்.

அவ்வுலோகத்தில் கையால் வாள் செய்வோரும் உளர். அது நல்ல வாளா என்று எங்ஙனம் அறிவது? யப்பானியர் வழக்கப்படி, நனைத்துச் சுருட்டிய பாயை வெட்டிப் பார்க்கலாம். ஒரே வீச்சில் துண்டாயிற்றென்று வியந்து நின்றுவிடலாகாது. முதல் வெட்டில் தெரிவது தீட்டியவன் திறமை. ஐம்பதாம் வெட்டிலேதான் உலோகத்தின் குணம் வெளிப்படும். வாய் மழுங்கிற்றா, மடிந்ததா, பல் விட்டதா என்று அப்பொழுது நோக்கவேண்டும்.

தைட்டானியத்தின் எடை, எஃகின் எடையில் ஐந்தில் மூன்று பங்கிலும் சற்றுக் குறைவு. கடல்நீரிலும் துருவேறாது, வளைத்தால் மீளும். ஆனால் வாய்? ரொக்வெல் அளவில் நல்ல எஃகுக் கத்தியின் கடினம் 60ஐ அணுகும். பெருவழக்கான தைட்டானியக் கலப்புலோகத்துக்கோ ஏறத்தாழ 36தான். எஃகிலே கரியுண்டு, செஞ்சூட்டில் தோய்த்தால் அது இறுகும். தைட்டானியம் அவ்வாறு இறுகுவதில்லை. இலேசானதால் வீச எளிது. ஆயினும் வெட்டில் பாரம் விழாது.

சுழியோடிக்கு அது தக்க கத்தியே. பாலைமரக் கொப்புத் தறிப்பதற்கோ, லொறியின் பழைய வில்லுத்தகட்டில் எங்களூர்க் கொல்லர் அடித்த காட்டுக்கத்தியையே நான் எடுப்பேன்.