பிறரைப் பேசவைத்த தொகுப்பாளர்: விசுவும் பகல்நேரத் தொலைக்காட்சியும்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம், இராமாநுசரின் முதன்மைச் சீடரான கூரத்தாழ்வானின் ஊர் என்று வைணவர்களாலும், பல்லவர்களின் பழமையான கற்றளிகளுள் ஒன்று எஞ்சி நிற்கும் இடம் என்று வரலாற்று மாணவர்களாலும் அறியப்படுகிறது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் இவ்வூர்க் கோயிலுக்கு அளித்த கொடையைக் கூரம் செப்பேடுகள் விவரிக்கின்றன. வழிபாட்டுக்கும் பழுதுபார்ப்புக்கும் மட்டுமல்லாமல், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் அக்கொடையில் பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கேட்பதற்கு ஒரு கூட்டம், கூடுவதற்கு ஓர் இடம், முன்னின்று பேச ஒருவர், அவருக்கான செலவை ஏற்க ஒரு புரவலர் என்ற நான்கும் அன்றே இங்கு ஒருசேர அமைந்திருந்தன என்பதை இதிலிருந்து அறியலாம்.

இன்றைய தொலைக்காட்சித் தொகுப்பாளரின் தொழிலும் இந்த நான்கையே அடிப்படையாகக் கொண்டது. மண்டபத்தின் இடத்தில் படப்பிடிப்பு அரங்கும், கொடையாளரின் இடத்தில் விளம்பரதாரரும் வந்திருக்கிறார்கள். ஆனால் பாரதம் வாசித்தவர் எல்லாருக்கும் தெரிந்த கதையைத் தாமே சொன்னார். தொகுப்பாளரோ, இதுவரை யாரும் கேட்டிராத கதைகளை அவையில் இருப்பவர்களின் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டியவர். தமிழ்த் தொலைக்காட்சியில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்களுள் முன்னிற்பவர் நாடக ஆசிரியரும் திரைப்பட இயக்குநருமான விசு.

பகல்நேரத் தொலைக்காட்சி என்பது, செய்தியும் நெடுந்தொடர்களும் ஆளும் மாலை, இரவு நேரங்களுக்கு முன்னதாக, வீட்டு வேலைகளுக்கு நடுவே பார்க்கப்படும் நிகழ்ச்சிகளைக் குறிக்கும். சமையல் குறிப்பு, மருத்துவ ஆலோசனை, நேயர்களின் தொலைபேசி அழைப்பு, பட்டிமன்றம், விவாத அரங்கம் ஆகியவை இந்த நேரத்துக்குரியவை. இவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: திரையை விட்டுக் கண்ணை எடுத்தாலும் நிகழ்ச்சி புரிய வேண்டும்.

அதன் காரணத்தைக் காஞ்சி வட்டாரத்து நெசவாளர் வீடு ஒன்றைக் கொண்டு விளக்கலாம். குழித்தறியில், அதாவது தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி மிதிக்கட்டையை மிதித்து நெய்யும் தறியில், அமர்ந்திருப்பவரின் பார்வை பாவு நூலை விட்டு அகல முடியாது. உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு நிற ஊடையை ஓட்டி இரண்டையும் இணைக்கும் கோர்வை வேலையில் பக்கத்தில் இன்னொருவரும் உதவிக்கு அமர்ந்திருப்பார். ஓர் இழை அறுந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு அதை முடிச்சிட வேண்டும். அத்தகைய வீட்டில் பகலில் ஓடும் தொலைக்காட்சி பெரும்பாலும் காதால் கேட்கப்படுகிறது. 2006இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் பெட்டியை எளிய குடும்பங்களுக்குள் கொண்டுசேர்த்த பிறகு, இப்படிக் கேட்போரின் வட்டம் மேலும் விரிந்தது. பகல்நேரத் தொகுப்பாளருக்கு முகத்தோற்றத்தைவிடக் குரலும் சொல்லும் முக்கியமாவது இதனால்தான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அறிவிப்பாளர்கள் எழுதிக் கொடுத்ததைத் திருத்தமாக வாசிப்பவர்களாகவே இருந்தார்கள். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கி, அதன் பின் பிற தனியார் அலைவரிசைகளும் வந்த பிறகு, எழுதி வைக்காத பேச்சுக்கு இடம் கிடைத்தது. அந்த இடத்தை நிரப்பிய நிகழ்ச்சிகளுள் ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குடும்பங்களைப் பெட்டியின் முன் உட்காரவைத்த ‘அரட்டை அரங்கம்’.

அதை நடத்திய விசுவின் இயற்பெயர் விசுவநாதன். பிறந்தது 1945 ஜூலை 1. சபா நாடகங்கள் செழித்திருந்த காலத்தில் எழுத வந்த அவர், ஒய்.ஜி. பார்த்தசாரதியின் நாடகக் குழுவின் வழியாக அறிமுகமாகி, பின்னர் இயக்குநர் கே. பாலசந்தரிடம் பணியாற்றினார். பாலசந்தர் 1977இல் இயக்கிய ‘பட்டினப்பிரவேசம்’ விசுவின் நாடகத்தைத் தழுவியது. 1981இல் வந்த ‘தில்லு முல்லு’ படத்தின் உரையாடல்களை அவர் எழுதினார். அதே ஆண்டில் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘குடும்பம் ஒரு கதம்பம்’ படமும் அவருடைய நாடகத்திலிருந்து உருவானதே. சபா நாடகத்தில் காட்சி மாற்றங்களுக்கும் பின்னணிக்கும் வசதி குறைவு என்பதால், கதையின் சுமை முழுவதையும் பேச்சே தாங்கியாக வேண்டும். இருவர் முரண்பட்டுப் பேசும்போது எந்த இடத்தில் அவை சிரிக்கும், எந்த இடத்தில் அமைதியாகும் என்பதை எழுதுபவர் முன்கூட்டியே கணிக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அரங்கத்தில் ஒலிவாங்கியோடு நின்றவருக்கு இதுவே பயிற்சிக் களம்.

அவருடைய திரைப்படங்களில் திரும்பத் திரும்ப வருவது, சண்டையிடும் இரு தரப்புக்கும் நடுவில் நிற்கும் மனிதரின் வேடம். 1982இல் வெளிவந்த ‘மணல் கயிறு’ படத்தில், எட்டு நிபந்தனைகளோடு பெண் தேடும் மாப்பிள்ளைக்கும் பெண் வீட்டாருக்கும் இடையில் நாரதர் நாயுடு என்னும் திருமணத் தரகராக அவர் வருகிறார். 1986இல் ஏவிஎம் தயாரித்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில், பணத்தகராறு முற்றித் தந்தையும் மகனும் பிரிய, ஒரே வீட்டின் நடுவே கோடு போடப்படுகிறது. குடும்பம் சமாதானமான பிறகும், பழையபடி ஒன்றாக வாழ்வதைவிடத் தனித்தனியே இருந்து அன்போடு சந்திப்பதே மேல் என்று மூத்த மருமகள் உமா முடிவெடுக்கிறாள். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் இது. கூட்டுக்குடும்பத்தைப் போற்றும் கதையின் இறுதித் தீர்ப்பை மருமகளிடமே ஒப்படைத்த அந்த முடிவு, எல்லாத் தரப்பும் பேசி முடித்த பிறகே தீர்ப்பு வர வேண்டும் என்ற அவருடைய நாடக முறையின் தெளிவான சான்று.

அரட்டை அரங்கத்தின் அமைப்பு எளிமையானது. தமிழ்நாட்டின் பல ஊர்களிலும், தமிழர் வாழும் வெளிநாடுகளிலும் அது நடத்தப்பட்டது; ஒரு தலைப்பு கொடுக்கப்படும்; மாணவர், இல்லத்தரசி, தொழிலாளி, ஓய்வுபெற்றவர் என்று அவையில் அமர்ந்திருப்பவர்களே எழுந்து நின்று பேசுவார்கள். பட்டிமன்றத்தில் இரண்டு அணிகளும், தேர்ந்த பேச்சாளர்களும், இறுதியில் தீர்ப்பு வழங்கும் நடுவரும் உண்டு. அரட்டை அரங்கத்திலோ பேச வந்தவர்கள் மேடைக்குப் பழகாதவர்கள். தயங்குபவரை ஒரு கேள்வியால் தொடரவைப்பதும், நீட்டி முழக்குபவரை நகைச்சுவையால் நிறுத்துவதும், முரண்பட்டவரை மறுத்து வாதிடுவதும் விசுவின் பொறுப்பாயின. ‘அரட்டை’ என்று பெயர் வைத்துக்கொண்டு வரதட்சிணை, முதியோர் நிலை, கல்விச் செலவு போன்றவற்றைப் பேசியதால், உபதேசம் என்றால் ஒதுங்கிப் போகிறவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள்.

உலகத் தொலைக்காட்சி வரலாற்றிலும் இதற்கு இணை உண்டு. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரில் 1967இல் ஃபில் டொனஹ்யூ தொடங்கிய பகல் நிகழ்ச்சியில், அவர் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு அவையினரிடமே சென்று கேள்வி கேட்கவைத்தார். பகலில் வீட்டில் இருக்கும் பெண்களுக்குப் பொது விவகாரங்களில் கருத்து உண்டு என்று நம்பியதே அந்த நிகழ்ச்சியின் வலிமை. சிகாகோவிலிருந்து 1986 முதல் 2011 வரை நாடு முழுவதும் ஒளிபரப்பான ஓப்ரா வின்ஃப்ரியின் நிகழ்ச்சி, அதில் தொகுப்பாளரின் சொந்த வாழ்க்கை அனுபவத்தையும் சேர்த்தது. விசு பின்பற்றிய முறை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அவர் தம்மை அவையினரின் நண்பராக அன்றி, உரிமையோடு கண்டிக்கவும் கண்கலங்கவும் கூடிய குடும்பத்துப் பெரியவராக நிறுத்திக்கொண்டார்.

இந்த அணுகுமுறைக்கு நன்மையும் குறையும் இருந்தன. படிக்க வசதியில்லாத பிள்ளைகள் அவையில் தங்கள் நிலையைச் சொன்னபோது, அவர்களுக்கு உதவி கிடைக்க நிகழ்ச்சி வழிசெய்தது. பேச்சு அங்கே செயலாக மாறியது. அதே நேரத்தில், சிறுவர்கள் தங்கள் வயதுக்கு மீறிய சொற்களை மனப்பாடமாக ஒப்பித்துக் கைத்தட்டல் பெற்றதையும், பேசுபவரை இடைமறித்துத் தொகுப்பாளரே நீண்ட நேரம் அறிவுரை சொன்னதையும் குறையாகச் சொல்ல இடமுண்டு. ஏழ்மையை வெளியே சொன்னால்தான் உதவி கிடைக்கும் என்ற நிலை, உதவி பெறுபவரின் மானத்தைப் பற்றிய கேள்வியையும் எழுப்புகிறது. டிஆர்பி எனப்படும் பார்வையாளர் அளவீட்டுப் புள்ளிகளைக் கொண்டு விளம்பரக் கட்டணம் நிர்ணயிக்கப்படும் தொழிலில், கண்ணீர் வரவழைக்கும் காட்சிக்கு விலை கூடுதல். பிற்காலத்தில் குடும்பச் சண்டைகளையே நேரடியாக அரங்கேற்றிய நிகழ்ச்சிகள் அந்த வழியில் வெகுதூரம் சென்றன.

பின்னர் விசு ஜெயா தொலைக்காட்சிக்கு மாறி ‘மக்கள் அரங்கம்’ என்ற பெயரில் அதே முறையைத் தொடர்ந்தார். சன் தொலைக்காட்சியில் அரட்டை அரங்கத்தை டி. ராஜேந்தர் நடத்தினார். நிகழ்ச்சியின் பெயர் நிறுவனத்திடம் தங்கிவிட, நடத்தும் முறை நடத்தியவரோடு சென்றது என்பது இந்தத் தொழிலின் இயல்பைக் காட்டுகிறது. சிறுநீரகக் கோளாறால் பாதிக்கப்பட்டிருந்த விசு, 2020 மார்ச் 22 அன்று தமது 74ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

அவருடைய திரைப்படங்கள் பதிவாகி நிலைத்திருக்கின்றன. ஆனால் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் ஒலிவாங்கியின் முன் முதன்முறையாகப் பேசிய அந்த ஞாயிறு காலைகளே அவருடைய பெரிய பங்களிப்பு என்று கருத இடமிருக்கிறது. பகல்நேர நிகழ்ச்சி எதையும் மதிப்பிட விரும்பும் நேயர், தொகுப்பாளர் எவ்வளவு நன்றாகப் பேசினார் என்று பார்ப்பதைவிட, அவர் வாய்மூடியிருந்த நேரத்தில் எத்தனை பேர் அச்சமின்றிப் பேசினார்கள், பேசிய பின் மானத்தோடு வீடு திரும்பினார்களா என்று பார்ப்பதே நேர்மையான அளவுகோல்.