புன்செய்த் தானியங்களும் உமி நீக்கும் வேலையும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் மானாவாரி நிலங்களில் வழிவழியாக விளைந்து வந்த புன்செய்த் தானியங்கள் எட்டு. அவை சோளம், கம்பு, கேழ்வரகு, சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு என்பன. இவ்வெட்டையும் சேர்த்துச் சிறுதானியம் என்று ஒரே பெயரால் அழைப்பது இப்பொழுது வழக்கமாய்விட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு அப்பெயர் பட்டணங்களிலும் நன்கு பரவியுள்ளது. ஆயினும் தானியத்தை வாங்கி, சேமித்து, விற்பனை செய்ய எண்ணும் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்கள் இவற்றை இரண்டு வகையாகப் பிரித்து அறிந்துகொள்ளுதல் அவசியம்.

சோளம், கம்பு, கேழ்வரகு ஆகிய மூன்றும் முதல் வகை. கதிரை அடித்துத் தூற்றியவுடன் மணி உமியின்றி வந்துவிடும். கேழ்வரகைக் கல் பார்த்து நேரே திருகையில் இடலாம். கம்பையும் சோளத்தையும் நீர் தெளித்து உரலில் இடித்து மேல்தோலைப் புடைத்துவிட்டால் போதும். மற்ற ஐந்தும் இரண்டாம் வகை. நெல்லைப் போன்று இவற்றின் ஒவ்வொரு மணியையும் உமி இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. அதை நீக்கினாலன்றி அரிசி கிடையாது. இவற்றுள் வரகின் உமி மிகவும் கடினமானது.

சாமையை அரிசியாக்கும் வேலையைச் சற்று விரிவாகவே நோக்கவேண்டும். தானியத்தை வெயிலில் காய வைத்து, உரலில் குற்றி, முறத்தில் புடைக்கவேண்டும். உமி போகாத மணிகளைப் பிரித்து மறுபடியும் குற்றவேண்டும். பிறகு கல் அரித்து, நொய்யை வேறாக்கவேண்டும். மணியோ கடுகளவினது. ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சோற்றுக்கு வேண்டிய சாமையரிசிக்காக இவ்வளவும் செய்யப்பட்டது, செய்தவர்கள் பெண்கள். பகல் முழுவதும் களையெடுத்து வீடு திரும்பியவர் உலக்கையைக் கையில் எடுத்தால்தான் அடுத்த நாள் அடுப்பில் உலை ஏறும். ஜனங்களின் நாவு அரிசிக்குப் பழகியதால் சாமையும் தினையும் மறைந்தன என்று கூறுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். உலக்கைப் பாரத்தைச் சுமந்த பெண்களைக் கேட்டால் வேறு காரணம் கிடைக்கும்.

நெல்லுக்குக் கிராமந்தோறும் யந்திரம் வந்தது, சாமைக்கு வரவில்லை. நெல் ஆலையின் உருளைகள் நெல்மணியின் பருமனுக்கு அமைக்கப்பட்டவை. சாமையை அதில் கொட்டினால் ஒரு பகுதி உமியோடு தப்பிவிடும். நெருக்கிப் பிடித்தால் நொறுங்கிவிடும். நியாய விலைக் கடைகளில் அரிசி மலிவாகி, 2011-ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் விலையின்றியே வழங்கப்பட்டபின், உரலடியில் உட்காரக் காரணமே இல்லாமற் போயிற்று.

நிலத்திலும் மாறுதல் நேர்ந்தது. யுத்த காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943-ல் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றியது. பின்னர் ஆத்தூர், இராசிபுரம் பக்கங்களில் ஆலைகள் பெருகின. 1981-ல் உற்பத்தியாளர்கள் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டு தங்கள் சரக்கைச் சேமித்து விற்க வழி செய்தார்கள். மரவள்ளிக்கு ஆலையும் சந்தையும் இருந்தன. சாமைக்கு இரண்டும் இல்லை. நாமக்கல் பக்கத்தில் கோழிப் பண்ணைகள் பெருகியதும் மக்காச்சோளத்திற்குக் கிராக்கி ஏற்பட்டது. நாட்டுச் சோளமோ பெரும்பாலும் மாட்டுத் தீவனமாய்விட்டது. பணம் தரும் பயிரைக் குடியானவர் நாடியதில் குற்றம் யாதுமில்லை.

சமவெளியிலிருந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையில் இம்மாறுதல் இன்னும் தெளிவாகப் புலப்பட்டது. மலையாளிப் பழங்குடியினர் அங்கே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை எனச் சாமையிலேயே பல ரகங்களை வைத்திருந்தனர். மரவள்ளி மலை ஏறியபின் அவற்றின் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. 1990-களில் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கு வேலை தொடங்கினர். விதையைக் காப்பாற்றுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. உமி நீக்கும் சிறு யந்திரங்களை ஊர்களில் நிறுவி, மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டார்கள். குழுக்கள் அரிசியும் மாவும் தயாரித்துப் பட்டணத்திற்கு விற்றன. உரல் வேலை குறைந்தால்தான் சாமை அடுப்புக்குத் திரும்பும் என்பதை அம்மலை அனுபவம் காட்டுகிறது.

இனி இவற்றை உண்பதனால் வரும் பயனைப் பார்க்கலாம். ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் 360 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமுக்கும் குறைவு. ஆகவே வளரும் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் கேழ்வரகுக் களியும் கூழும் ஏற்றவை. பால் வாங்க வசதியற்ற வீட்டிற்கு இது சிறு விஷயமன்று. 100 கிராம் கம்பில் இரும்புச் சத்து 6 மில்லிகிராமுக்கு மேலும் புரதம் சுமார் 11 கிராமும் உள்ளன. அரிசியில் இரும்பு 1 மில்லிகிராம் கூட இல்லை, புரதமும் 8 கிராம் அளவே. சாமையும் குதிரைவாலியும் சோறாகவே வேகக்கூடியவை; சாம்பாருக்கும் மோருக்கும் பொருந்தும். தினை மாவுக்கும் பாயசத்துக்கும் சிறந்தது. பனிவரகு சுமார் 70 நாளில் அறுவடைக்கு வருவதால், மழை பிந்திய வருஷத்தில் விதைக்க உதவும்.

தானியத்தில் சத்து இருப்பது வேறு, அது உடம்பில் சேர்வது வேறு. இவற்றின் தோலிலுள்ள ஒருவகைப் பொருள் இரும்பையும் சுண்ணாம்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்தல், முளை கட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவற்றால் அப்பிடிப்பு தளரும். இரவெல்லாம் புளித்த கம்மங்கூழைக் காலையில் கரைத்துக் குடித்த பழைய வழக்கம் இவ்விஷயத்தில் விஞ்ஞானத்திற்கு முந்தியது என்றே சொல்லலாம்.

நீரிழிவுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எந்தச் சிறுதானியமும் நீரிழிவை நீக்கும் மருந்து அல்ல. நைஸாக அரைத்த கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி, அரிசிக் கஞ்சியைப் போன்றே இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றக்கூடும். வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமையும் அப்படியே. தவிடு நீங்காத தானியத்தை, பருப்பும் கீரையும் சேர்த்து, அளவாக உண்பதே நலம். கடைகளில் மிகவும் வெளுத்த அரிசியைத் தேடி வாங்குவோர், எதற்காகச் சாமை உண்கிறார்களோ அதையே ஆலையில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

வரகைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். மழையில் நனைந்த கதிரில் ஒருவகைப் பூஞ்சணம் பற்றினால் வரகு விஷமாகி, உண்டவர்க்கு மயக்கமும் வாந்தியும் நடுக்கமும் உண்டாகும். கிறுக்கு வரகு என்று பெரியோர் கூறியது இதுவே. 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் இத்தகைய வரகை மேய்ந்து இறந்தன. ஆகையால் நிறம் மாறியதும் ஈரமாக அறுத்ததுமான வரகைச் சங்கம் கொள்முதல் செய்யலாகாது, மாட்டுக்கும் போடலாகாது.

சேமிப்பில் ஒரு நல்ல குணம் இவற்றிற்கு உண்டு. நன்கு உலர்ந்து உமியோடு இருக்கும்வரை வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும். உமி நீங்கியபின், தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை எழும். கம்பு மாவு சில வாரங்களிலேயே கசந்துவிடும். எனவே சங்கத்தின் கிடங்கில் உமியோடு கூடிய தானியத்தை அடுக்கி, தேவைக்கேற்ப அவ்வப்போது அரைப்பதே முறை. சாலையில் போட்டு மிதிபடச் செய்யாமல் தார்ப்பாயில் அடித்தால் கல்லும் மண்ணும் சேரா. விலையிலும் தள்ளுபடி நேராது.

விலையில்தான் இடர். இந்திய அரசு சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றிற்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. கேழ்வரகுக்கு 2024–25-ல் குவிண்டால் 4,290 ரூபாய். சாமை முதலிய ஐந்தும் அப்பட்டியலில் இல்லை. முன்பு சேலத்தோடு சேர்ந்திருந்த தருமபுரியிலும், நீலகிரியிலும், 2023 மே மாதம் முதல் நியாய விலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் ஏற்பாடு வந்தது. சாமை விளைவிப்போருக்கோ வியாபாரி கேட்டதே விலை. உமியோடு விற்றால் குறைந்த விலை. அரிசியாக்கி விற்றால் கூடுதல் விலை. இடையிலுள்ள லாபம் யந்திரம் வைத்திருப்பவருக்குச் சேர்கிறது.

அதற்காக ஒவ்வொரு சங்கமும் ஒரு யந்திரம் வாங்கிவிடலாகாது. கணக்கைப் பாருங்கள். ஒரு கிராமத்தில் 50 ஏக்கர் சாமை, ஏக்கருக்கு 400 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 20,000 கிலோ. மணிக்கு 100 கிலோ உமி நீக்கும் யந்திரத்திற்கு அது 200 மணி வேலை. நாளொன்றுக்கு 8 மணி வீதம் 25 நாளில் தீர்ந்துவிடும். மீதி 340 நாளும் யந்திரம் தூசி படிந்து நிற்க, கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். ஆறு அல்லது ஏழு சங்கங்கள் கூடி, நடுவிலுள்ள ஓர் ஊரில் ஒரு யந்திரத்தை நிறுவி, ஊருக்கு ஊர் முறை வைத்துக்கொண்டால் வருஷத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் வேலை இருக்கும். தானியத்தைச் சுழற்றிச் சுவரில் வீசி உமியை உடைக்கும் ரக யந்திரமும், அதற்கு முன்னே கல் பிரிக்கும் சல்லடையும் வேண்டும். தீட்டும் யந்திரம் வேண்டியதில்லை. அரைவைக் கூலியைக் காசாக வாங்குவதா, அரிசியாக வாங்குவதா என்பதையும், தவிடு யாருக்குச் சேரும் என்பதையும் யந்திரம் வாங்குமுன் மகாசபைத் தீர்மானத்தில் எழுதிவிடவேண்டும். கறவை மாடு வைத்திருப்பவர்கள் இருக்கும் ஊரில் சச்சரவு பெரும்பாலும் தவிட்டில்தான் தொடங்கும்.