எடை அல்ல, எண்ணிக்கை

1939 மே 23 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால், ஸ்குவாலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தின்போது மூழ்கி, சுமார் 74 மீட்டர் ஆழத்தில் தரையில் அமர்ந்தது. 26 பேர் இறந்தார்கள். 33 பேரை மீட்புக் கூண்டு இறக்கி உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். பிறகு கப்பலைத் தூக்க இறங்கியவர்கள் காற்றுக்குப் பதிலாக ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயுவைச் சுவாசித்தார்கள். அந்த ஆழத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் மதுவைப் போல புத்தியைத் தடுமாற வைக்கும்.

இப்படி ஒரு கலவையில் எது எவ்வளவு என்று கணக்கிடுவது எப்படி? 16 கிராம் ஹீலியமும் 32 கிராம் ஆக்சிஜனும் இருப்பதாகக் கொள்வோம். எடையில் ஆக்சிஜன் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு மோல். ஹீலியத்தின் மோல் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 4 கிராம், ஆக்சிஜனுடையது 32 கிராம். வகுத்துப் பார்த்தால் ஹீலியம் 4 மோல், ஆக்சிஜன் 1 மோல், மொத்தம் 5. ஆக்சிஜனின் மோல் பின்னம் ஐந்தில் ஒன்று, அதாவது 0.2. ஹீலியத்துக்கு 0.8. கணக்கு இவ்வளவுதான்.

எடையை விட்டு எண்ணிக்கையை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? வாயுவின் அழுத்தம் துகள்கள் மோதுவதால் வருவது. ஒரே வெப்பநிலையில் கனமான துகள் மெதுவாகவும் லேசானது வேகமாகவும் ஓடுவதால், அழுத்தத்தில் இரண்டின் பங்கும் சமமாகிவிடுகிறது. கலவையில் ஒவ்வொரு வாயுவும் தான் மட்டும் இருப்பதுபோலவே அழுத்தம் தருகிறது என்று ஜான் டால்டன் 1801-ல் கண்டார். மோல் பின்னத்தை மொத்த அழுத்தத்தால் பெருக்கினால் அந்த வாயுவின் பகுதி அழுத்தம் கிடைக்கும். நம் உடல் பொருட்படுத்துவது இந்தப் பகுதி அழுத்தத்தைத்தான்.

'20 சதவீதம் ஆக்சிஜன்' என்பதை யாராவது எடைக்கணக்கில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? 20 கிராம் ஆக்சிஜன் 0.625 மோல், 80 கிராம் ஹீலியம் 20 மோல். ஆக்சிஜனின் மோல் பின்னம் வெறும் 0.03! கடல்மட்டத்தில் இதைச் சுவாசிப்பவர் சில மூச்சுகளிலேயே நினைவிழப்பார்.

வியப்பு என்னவென்றால், 74 மீட்டர் ஆழத்தில் இதே கலவை உயிரைக் காக்கும். அங்கே மொத்த அழுத்தம் மேலே இருப்பதைப்போல எட்டு மடங்குக்கும் மேல். 0.03 பின்னமே கால் வளிமண்டல அழுத்தமுள்ள ஆக்சிஜனைத் தந்துவிடும். நாம் இப்போது சுவாசிப்பதைவிட இது சற்று அதிகம். மாறாக, 0.2 பின்னம் அங்கே 1.6 வளிமண்டலத்தைத் தாண்டிவிடும். அந்த அளவில் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பை வரவழைக்கக்கூடும். எனவே ஆழத்தைக் குறிப்பிடாமல் ஒரு கலவையை நல்லது, கெட்டது என்று சொல்லவே முடியாது.

இன்று ஆழ்கடலில் இறங்குவோரின் சிலிண்டர்களில் 10/70 போன்ற எண்களைக் காணலாம். முதல் எண் ஆக்சிஜன், அடுத்தது ஹீலியம், மீதி 20 நைட்ரஜன். மூன்றும் மோல் சதவீதங்கள். உயர் அழுத்தத்தில் வாயுக்கள் டால்டனின் எளிய விதியிலிருந்து சற்று விலகும். அதனால் நிரப்பியதும் கருவியால் அளந்து பார்த்த பின்பே அந்த எண்களை எழுதுகிறார்கள்.