ஆறாம் வகுப்பு படிக்கும் 35 வயசு ஆசாமி!

ஆபீஸ் முடிந்து, புதுக்கோட்டை டவுன் பஸ்ஸில் தொங்கி, வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே மடக்கிவிடுவான் பையன். “அப்பா, போனைக் குடு. மிஸ் வீடியோ பார்க்கச் சொல்லியிருக்காங்க!”

கொடுத்துவிட்டு டி.வி. முன்னால் சாய்வீர்கள். பிள்ளை படிக்கிறானே என்று பெருமை வேறு.

வேடிக்கை என்னவென்றால், அந்த நிமிஷத்திலிருந்து இன்டர்நெட்டைப் பொறுத்தவரை அவன் ஆறாம் வகுப்புப் பையன் இல்லை. 35 வயசு ஆசாமி! போன் உங்களுடையது, கணக்கு உங்களுடையது, அதில் கொடுத்த பிறந்த தேதியும் உங்களுடையதுதானே? பையன் சித்தன்னவாசல் ஓவியம் பற்றி ஒரு வீடியோ பார்த்து முடித்ததும், அடுத்த வீடியோவை யூடியூப் தானே எடுத்து நீட்டும். நேற்று ராத்திரி நீங்கள் எதைப் பார்த்தீர்களோ, அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு! (என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.)

போனே தராமல் இருந்துவிடலாமா? முடியாது சார். 2018-ல் வந்த புதுப் பாடப் புத்தகங்களிலேயே க்யூ.ஆர். கோடு ஏறிவிட்டது. போனைக் காட்டினால் பாடம் வீடியோவாக வரும். 2020-ல் கொரோனா வந்ததும் பள்ளிக்கூடமே போனுக்குள் குடிபுகுந்தது. “ஆன்லைன் வகுப்புக்காக நெட்டைத் திறக்கும் பிள்ளைகள் கண்ணில் ஆபாசம் படுகிறது, அதைத் தடுக்க வழி செய்யுங்கள்” என்று அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள்.

2021 மே மாதம் இன்னொரு அதிர்ச்சி. சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர், மாணவிகளிடம் தவறாக நடந்ததாகவும், ஆன்லைன் வகுப்பில் அரைகுறை உடையில் தோன்றியதாகவும் வந்த புகாரில் கைதானார். உடனே அரசு உத்தரவு போட்டது. ஆன்லைன் வகுப்புகளை முழுசாகப் பதிவு செய்ய வேண்டும். பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் அவ்வப்போது அதைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று.

பி.காம். படித்தவன் என்பதால் ‘தணிக்கை’ என்ற வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சரி, பள்ளிக்கூடத்துக்கு ஆடிட்டர் ரெடி. வீட்டுக்கு யார்?

ஆடிட்டர் என்றதும் சிலர் போலீஸாகிவிடுகிறார்கள். “இனிமே போனைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!”

இந்த ஒரு வசனம் போதும், நெட்டில் திரியும் அயோக்கியனுக்கு! அவன் தொழில் இப்படி. விளையாட்டிலோ, ‘உன் ஸ்கூல்தான்’ என்று சொல்லியோ சிநேகமாவான். ஒரு போட்டோ கேட்பான். கிடைத்ததும், “இதை உங்கப்பாவுக்கு அனுப்பட்டுமா?” என்பான். பிள்ளை கணக்குப் போடுகிறது. வீட்டில் சொன்னால் அடி நிச்சயம், போன் பறிபோவதும் நிச்சயம். ஆகவே வாயைத் திறக்காது. அயோக்கியன் அடுத்த போட்டோ கேட்பான், பணம் கேட்பான். யோசித்துப் பாருங்கள், அவனுக்கு முதலே உங்கள் கோபம்தான்.

பூட்டி வைப்பதா, பழக்கிவிடுவதா என்ற கேள்விக்கு நம்ம புதுக்கோட்டை ஒரு தரம் பதில் சொல்லியிருக்கிறது. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்துப் பாடத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் ஓட்டுவதா என்று கேலி பேசினார்கள். ஆனாலும் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பேருக்கு மேல் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வலம் வந்தார்கள். ரோட்டில் ஆபத்து உண்டு என்று சைக்கிளைப் பூட்டி வைக்கவில்லை, கற்றுக்கொடுத்தார்கள்.

சைக்கிள் பழகும்போது யாராவது ஒருத்தர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டுமே? அறந்தாங்கி, கறம்பக்குடிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ. அம்மாவுக்கு அந்த போனில் பேசத் தெரிந்தால் பெரிசு. மிச்சம் இருப்பது யார்? சித்தப்பா, மாமா, அண்ணன். அதாவது, கல்யாணம் ஆகாததால் தப்பித்தோம் என்று இதுவரை படித்துக்கொண்டிருந்த நீங்கள்தான்!

வேலை ஒன்றும் பெரிசில்லை:

* பிள்ளையின் நிஜமான பிறந்த வருஷத்தைக் கொடுத்துத் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ இதற்குத்தான் இருக்கிறது.

* கூகுளில் ‘சேஃப் சர்ச்’, யூடியூப்பில் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ இரண்டையும் போட்டுவிடுங்கள். இவை டீ வடிகட்டி மாதிரி. கொஞ்சம் தூள் இறங்கத்தான் செய்யும். அதனால் படிப்பு கூடத்தில் நடக்கட்டும், கதவு சாத்திய அறையில் வேண்டாம்.

* வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் நம்பரை எல்லாரும் பார்க்கலாம். புரொஃபைல் படத்தில் பிள்ளை சிரிக்கிறதா? தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள்.

* வம்பு வந்துவிட்டால் மிரட்டின செய்தியையும் நம்பரையும் அழிக்காதீர்கள். பணமும் அனுப்பாதீர்கள். சைபர் கிரைமுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறை உதவிக்கு 14417. “அநியாயத்தைப் பாருங்க” என்று அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். குழந்தையின் ஆபாசப் படத்தை யார் பரப்பினாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம்.

கடைசியாக ஒன்று. இதற்கு செட்டிங்ஸ் கிடையாது, வாயால்தான் சொல்ல வேண்டும். “என்ன நடந்தாலும் எங்கிட்ட சொல்லு. போனைப் பிடுங்க மாட்டேன், அடிக்க மாட்டேன்.” சொன்னால் போதாது, நிஜமாகவே பிள்ளை ஒருநாள் வந்து சொல்லும்போது கை ஓங்காமல் இருக்க வேண்டும். அயோக்கியன் போட்ட கணக்கு அங்கேதான் தப்பாகும்.

இன்றைக்கே பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பியுங்கள். உட்காருவதற்கு முன்னால், உங்கள் யூடியூப் ஹிஸ்டரியை மட்டும் ஒரு தரம் துடைத்துவிடுங்கள்!