வேலியே பயிரை மேய்ந்தால்... சரவாங்கிக்கு ஆன்டிபாடி ஊசி என்ன செய்கிறது?

காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியவில்லை. டீ டம்ளரைப் பிடிப்பதற்கே கையை நீவிவிட வேண்டியிருக்கிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல் போன்ற ஊரில் இதைச் சொன்னால், "ஐஸுலயும் உப்புத் தண்ணியிலயும் கை வச்சுக்கிட்டே கிடந்தா அப்படித்தாங்க்கா இருக்கும்" என்பார்கள். தைலம், மெடிக்கல் ஷாப் வலி மாத்திரை என்று மாதங்கள் ஓடிவிடும்.

ஆனால், இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதை வேலை அசதி என்று விட்டுவிடாதீர்கள். நம் பாட்டிமார் ‘சரவாங்கி’ என்று சொன்ன முடக்குவாதமாக இருக்கலாம். இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கிருமியைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கதைதான். அப்போது செல்கள் ஒன்றையொன்று உசுப்பிவிடப் பல ரசாயனங்களைச் சுரக்கின்றன. அதில் ஒன்று ‘டி.என்.எஃப்’. அளவாக இருந்தால் காவல்காரன். அளவு மீறினால் வீக்கம், வலி, கடைசியில் எலும்பு அரிப்பு.

லூதியானாவில் பிறந்தவரின் கண்டுபிடிப்பு

பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் 1937-ல் பிறந்தவர் ரவீந்தர் மைனி. லண்டன் கென்னடி ஆய்வு நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மேனோடு சேர்ந்து வேலை செய்தார். ‘இத்தனை ரசாயனங்கள் இருக்கும்போது ஒன்றை மட்டும் அடக்கி என்ன பயன்?’ என்ற சந்தேகம் அன்றைக்குப் பலருக்கும் இருந்தது. நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த செல்களில் டி.என்.எஃப்-ஐ மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். வீக்கத்தைத் தூண்டும் மற்ற ரசாயனங்களும் கூடவே குறைந்தன. 1989-ல் இது வெளியானது.

அதைத் தடுக்க உதவியதும் ஆன்டிபாடிதான். ஓர் ஆன்டிபாடி தனக்குரிய ஒரே இலக்கைத்தான் பிடிக்கும். ஒரே மாதிரி ஆன்டிபாடிகளைப் பரிசோதனைக் கூடத்தில் தயாரிக்கும் வழியை 1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்திருந்தார்கள். 1992-ல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில், வேறு மருந்துகளுக்கு மசியாத 20 நோயாளிகளுக்கு டி.என்.எஃப்-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி செலுத்தப்பட்டது. சில வாரங்களிலேயே வலியும் வீக்கமும் குறைந்தன. மருந்தின் வேகம் தீர்ந்ததும் நோய் திரும்பியது. மறுபடி கொடுத்தபோது மறுபடி அடங்கியது. அந்த மருந்துதான் இன்ஃப்ளிக்ஸிமேப். இருவருக்கும் 2003-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஊசி நோயை வேரோடு பிடுங்காது, கட்டுக்குள் வைக்கும்.

நமக்கு முக்கியமான எச்சரிக்கை

நம் நாட்டில் பலரின் உடம்பில் காசநோய்க் கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் உறங்கிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி அணை கட்டி வைத்திருப்பதில் டி.என்.எஃப்-க்குப் பெரிய பங்கு உண்டு. ஊசியால் அதை அடக்கும்போது அணை உடைந்து கிருமி விழித்துக்கொள்ளலாம். இன்ஃப்ளிக்ஸிமேப் எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-ல் ஓர் ஆய்வு எடுத்துச் சொன்னது. அதனால்தான் ஊசிக்கு முன்பு மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கிறார்கள். ‘எனக்கு இருமலே இல்லையே’ என்று தட்டிக்கழிக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது முன்பு காசநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

* எடுத்த எடுப்பில் ஊசி போட மாட்டார்கள். பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையில்தான் தொடங்குவார்கள். இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுப்பது. தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பமாக இருந்தாலோ, திட்டமிட்டாலோ கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

* ஊசி விலை அதிகம்தான். ஆனால், அடாலிமுமேப் ஊசியின் மாற்றுத் தயாரிப்பை உலகிலேயே முதலில், 2014-ல், ஓர் இந்திய நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘பயோசிமிலர்’ இருக்கிறதா என்று கேளுங்கள்.

* ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். தூத்துக்குடியில் வாங்கி ஊருக்குக் கொண்டுவரும்போது, மீனுக்குப் போடுவதுபோல ஐஸுக்குள் புதைத்துவிடாதீர்கள். உறைந்தால் மருந்து கெட்டுவிடும்.

* காய்ச்சல், ஆறாத புண், விடாத இருமல் இருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.

அரிக்கப்பட்ட எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. அதனால் தைலத்தோடு காலத்தைத் தள்ளாமல், விரல்கள் வளைந்துபோகும் முன்பே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். வலை பின்னவும், மீன் அரியவும், பேரப்பிள்ளைக்குத் தலை வாரவும் அந்தக் கைகள்தானே வேண்டும்!