உங்களுக்குத் தெரியுமா? எடிட்டரின் எடை எங்கே இருக்கிறது

கர்சர் சிமிட்டுவதற்கும் மின்சாரம் செலவாகும். 2017 மார்ச்சில், நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோடு எடிட்டரில் ஒரு கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது. யாரும் எதுவும் டைப் செய்யாமல் சும்மா திறந்து வைத்திருந்தாலே அது சிபியுவில் 13 சதவீதத்தைத் தின்றுகொண்டிருந்தது. அரை விநாடிக்கு ஒருமுறை தோன்றி மறையவேண்டிய சின்னக் கோட்டுக்காக, உள்ளே இருந்த பிரவுசர் இயந்திரம் விநாடிக்கு 60 முறை திரையை வரைந்துகொண்டிருந்ததுதான் காரணம். பிறகு சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் புது எடிட்டர் எதை நிறுவினாலும், முதல் வேலையாக டாஸ்க் மேனேஜரைத் திறந்து அது சும்மா இருக்கும்போது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

1986இல் வந்த டர்போ பாஸ்கல் 3.02, எடிட்டரும் கம்பைலரும் சேர்த்து, 40,000 பைட்டுக்கும் குறைவு. இன்று வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படமே அதைவிடப் பெரியது. டர்போ பாஸ்கலை உருவாக்கிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் பிற்பாடு மைக்ரோசாஃப்டில் டைப்ஸ்கிரிப்ட் மொழியை வடிவமைத்தார். விஎஸ் கோடு பெரும்பாலும் அந்த டைப்ஸ்கிரிப்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது!

விஐ எடிட்டரில் கட்டளைகள் ஏன் ஒற்றை எழுத்தில் இருக்கின்றன? 1976 வாக்கில் பெர்க்லியில் பில் ஜாய் அதை எழுதியபோது அவர் கையில் இருந்தது 300 பாட் மோடம். விநாடிக்குச் சுமார் 30 எழுத்துகள்தான் போகும். 80 எழுத்து அகலமும் 24 வரியும் கொண்ட திரையை முழுதாக மறுபடி வரைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் டைப் செய்வதும் குறைவு, திரையில் மாறுவதும் குறைவு என்று சிக்கனம் பிடித்தார். கர்சரை நகர்த்த எச், ஜே, கே, எல் விசைகள் வந்தது இன்னொரு கதை: அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அந்த நான்கு விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன.

ஃபைல் சிறியது, ஆனால் எடிட்டர் திணறுகிறது. எப்படி? விஎஸ் கோடு குழுவுக்கு ஒருவர் 35 எம்பி ஃபைல் ஒன்றைத் திறக்கவே முடியவில்லை என்று எழுதினார். 35 எம்பி இன்றைக்கு ஒன்றுமே இல்லை. சிக்கல் வரிகளில் இருந்தது: மொத்தம் 1 கோடியே 37 லட்சம் வரிகள். எடிட்டர் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிப் பொருள் ஒன்றை மெமரியில் உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் 40 முதல் 60 பைட் என்று சேர்ந்து 600 எம்பி ஆகிவிட்டது. 2018இல் அந்த அடித்தளத்தையே மாற்றி, 'பீஸ் டேபிள்' என்ற பழைய உத்திக்குப் போனார்கள். அதில் மூல ஃபைலை யாரும் தொடுவதில்லை. நீங்கள் புதிதாக அடித்தது தனி இடத்தில் சேரும். எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்ற பட்டியல் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். எழுபதுகளில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் பிராவோ எடிட்டரில் பயன்பட்ட அதே யோசனை. எடிட்டரைச் சோதிக்கும்போது பத்து வரி மாதிரி ஃபைலை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய லாக் ஃபைலை எடுத்துத் திறங்கள்.

கிட்ஹப் 2014இல் வெளியிட்ட ஆட்டம் எடிட்டருக்காக உருவான ஓடுதான் எலக்ட்ரான். உள்ளே முழு குரோமியம் பிரவுசரே குடியிருக்கும். விஎஸ் கோடு, ஸ்லாக், டிஸ்கார்டு எல்லாம் அந்த ஓட்டுக்குள்தான் ஓடுகின்றன. 2022 டிசம்பர் 15 அன்று ஆட்டம் முடிந்தது. ஓடு மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. சுவாரசியம் அதற்குப் பிறகுதான். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் சிலர் வெளியே வந்து செட் என்ற எடிட்டரைத் தொடங்கினார்கள். இம்முறை பிரவுசரே இல்லை. ரஸ்ட் மொழியில் எழுதி, வீடியோ கேம் மாதிரி திரையை நேரடியாக கிராஃபிக்ஸ் சிப்பைக் கொண்டு வரைகிறார்கள். விநாடிக்கு 120 ஃபிரேம் என்பது இலக்கு. அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 8.3 மில்லிவிநாடிதான் அவகாசம். ஓட்டைச் செய்த கைகளே அதை உடைத்ததைவிடப் பெரிய விமர்சனம் வேறென்ன இருக்கிறது?

இலகுவான எடிட்டருக்கு மாறியும் லேப்டாப் ஃபேன் கத்துகிறதா? எடிட்டரைத் திட்டாதீர்கள். 2016இல் லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால் வந்த பிறகு, பிழை காட்டுவது, பெயரை நிறைவு செய்வது போன்ற வேலைகளை 'லாங்வேஜ் சர்வர்' என்ற தனி நிரல் ஒன்று பின்னால் செய்கிறது. நியோவிம் எடிட்டரில் எழுதினாலும் விஎஸ் கோடில் எழுதினாலும் அதே சர்வர்தான், அதே ரேம் பசிதான். பெரிய புராஜெக்டில் எடிட்டரைவிட அது பல மடங்கு சாப்பிடும்.

எடிட்டர் திணறுவதற்கு எக்ஸ்டென்ஷன்களில் எது குற்றவாளி என்று தெரியவில்லையா? விஎஸ் கோடில் 'எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்றொரு கட்டளை உண்டு. பாதியை அணைத்துவிட்டு "இப்போது எப்படி?" என்று கேட்கும், பிறகு மீதியில் பாதி. 32 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்தாறு கேள்வியில் ஆள் பிடிபடும்.

விம் எடிட்டர் இலவசம். வெறுமனே திறந்தால் வரும் முகப்பில் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் வரி இருக்கும். அதை வைத்தவர், விம்மை உருவாக்கி 2023இல் மறைந்த பிராம் மூலெனார்.

தமிழில் குறிப்பு எழுதும் பழக்கம் உண்டா? 'நன்றி' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடு, யுடிஎஃப்-8 ஃபைலில் 15 பைட். டெர்மினலில் ஓடும் எடிட்டர்கள் திரையைச் சம அகலக் கட்டங்களாகப் பிரித்து எழுதுவதால் தமிழ் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும், கர்சர் ஓரிடம் எழுத்து ஓரிடம் என்று நிற்பதும் சகஜம். ஆகவே எவ்வளவு வேகமான எடிட்டராக இருந்தாலும், அதில் ஒரு வரி தமிழ் அடித்து, நடுவில் ஓர் எழுத்தை அழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.