டிசம்பருக்கு முந்தைய வங்கதேசம்

வங்கதேசம் எப்படிப் பிறந்தது என்று கேட்டால், '1971 டிசம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் 13 நாள் போரிட்டன, ஒரு நாடு பிறந்தது' என்றே நம்மில் பலர் சொல்வோம். அந்த 13 நாள் அந்த ஆண்டின் கடைசிப் பக்கம்தான். நாம் முதல் பக்கத்திலிருந்து வருவோம்.

1970 டிசம்பரில், வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் பாகிஸ்தானில் நடந்தது. மொத்தம் 300 தொகுதிகள். மக்கள்தொகை கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், அதிகம் என்பதால் 162 தொகுதிகள் அங்கே. அவற்றில் 160-ஐ முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. மேற்கே ஓர் இடம்கூட இல்லாமலே தனிப்பெரும்பான்மை!

முஜிப் அந்தத் தேர்தலில் தனிநாடு கேட்கவில்லை. பாதுகாப்பும் வெளியுறவும் மத்திய அரசிடம் இருக்கட்டும், வரியும் சணல் விற்று வரும் அந்நியச் செலாவணியும் எங்களிடம் இருக்கட்டும் என்றார். வீடு ஒன்றுதான், அடுப்பு மட்டும் தனி என்று கூட்டுக்குடும்பத்தில் சொல்வார்களே, அப்படி.

வென்ற உறுப்பினர்கள் 1971 மார்ச் 3 அன்று டாக்காவில் கூடவேண்டிய தேசிய அவையை, மார்ச் 1 அன்று அதிபர் யாஹியா கான் தள்ளிவைத்தார். போர் எங்கே தொடங்கியது என்று கேட்டால் நான் இந்த நாளைத்தான் காட்டுவேன். அதன்பின் கிழக்கே யாரும் அவர் சொல் கேட்கவில்லை. வங்கிகள் எத்தனை மணிக்குத் திறக்கவேண்டும் என்பதைக்கூட அவாமி லீக்தான் அறிவித்தது. புதிய ஆளுநராக வந்த தளபதி டிக்கா கானுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்க டாக்கா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி மறுத்துவிட்டார். ராணுவ ஆட்சியில் அப்படி மறுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

மார்ச் 25 இரவு ராணுவம் டாக்கா பல்கலைக்கழக விடுதிகளுக்குள் புகுந்து மாணவர்களைச் சுட்டது. மறுநாள் விடுதலைப் பிரகடனம். அடுத்த மாதங்களில் சுமார் 1 கோடி பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள்.

ஊரில் தங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. மாணவர்களும், உழவர்களும், பாகிஸ்தான் படையை விட்டு வந்த வங்காளிச் சிப்பாய்களும் சேர்ந்த முக்தி வாஹினி பாலங்களைத் தகர்த்தது. ஆகஸ்ட் நடுவில் ஓர் இரவு, அதன் வீரர்கள் சிட்டகாங், மோங்லா துறைமுகங்களில் நீந்திப் போய்க் கப்பல்களின் அடியில் வெடி பொருத்திவிட்டு வந்தார்கள். டிசம்பரில் இந்தியப் படை அத்தனை வேகமாக டாக்காவை எட்டியதற்கு இந்த மாதங்களும் ஒரு காரணம். டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை சரணடைந்தது.

மார்ச்சில் கூடவிடாமல் தடுக்கப்பட்டார்களே, கிழக்கே வென்ற அந்த உறுப்பினர்கள்? மாகாண சபைக்கு வென்றவர்களோடு சேர்ந்து அவர்களே புதிய நாட்டின் அரசியல் நிர்ணய சபை ஆனார்கள். 1972 நவம்பர் 4 அன்று, டாக்காவில், தங்கள் அரசியல் சட்டத்தை ஏற்றார்கள்.